வலி தெரியாத கை

எட்டாம் வகுப்பு தேறியபின் சந்திரம்மாள் என்ன ஆகவேண்டும் என்பதில் பிள்ளைப்பாக்கத்தில் ஆளுக்கொரு யோசனை இருந்தது. சந்திரம்மாளுக்கு மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார், "காஞ்சிபுரம் போய் டீச்சர் டிரெயினிங் சேரு" என்றார், சரி என்றாள். சித்தப்பா, "தையல் கத்துக்கோ, குந்தின எடத்துல பொழப்பு" என்றார், அதற்கும் சரி. தாய்மாமன், "பொட்டப்புள்ளைய இன்னும் எத்தினி நாளு வூட்டுல வச்சிகினு இருப்பீங்க?" என்றார், அவருக்கும் தலையாட்டினாள். இப்படித் தலையாட்டியே நாலைந்து வருஷம் ஓடிவிட்டது. ஏரிப் பாசன நிலம் இருந்த வீடு. சோற்றுக்குப் பஞ்சமில்லை. அதனால் யாரும் அவளைப் பிடித்துத் தள்ளவும் இல்லை.

"நம்ம செவலைக் காளைக்குக்கூட எந்த வயலுக்குப் போவணும்னு தெரியுது. இதுக்கு இன்னா தெரியுது?" என்பார் அப்பா கன்னியப்பன். கோபமாகச் சொல்ல மாட்டார். வெற்றிலை போடும்போது சொல்வதுபோல் சொல்வார். சந்திரம்மாளும் சிரித்துக்கொள்வாள். ராத்திரி படுக்கும்போது மட்டும் விரல்விட்டு எண்ணிப் பார்ப்பாள். சித்தப்பா மகள் லீலாவுக்குத் தையல் வருகிறது, மேலத்தெருப் பெண் பாடுகிறாள், தனக்கு என்ன வருகிறது?

அம்மா பாஞ்சாலி இந்தப் பேச்சுக்கே வருவதில்லை. அவளுக்கு ஒரே குறி: கல்யாணம். வாலாஜாபாத்தில் அரிசி மண்டி வைத்திருந்த குடும்பத்துப் பையன் ரகுபதி. அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம் அவர்கள் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் மகளுக்குப் பச்சை குத்திவிட வேண்டும் என்று பாஞ்சாலி ஒற்றைக்காலில் நின்றாள். அது அந்தப் பக்கத்து வழக்கம்தான். பச்சை இல்லாத மருமகள் கையால் மாமியார் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டாள். செத்தாலும் கூட வருவது பச்சை ஒன்றுதான் என்பார்கள்.

அகத்திக்கீரைச் சாற்றில் விளக்குக் கரியைக் குழைத்து வைத்துக்கொண்டு, பச்சை குத்துகிறவள் மாட்டுக்கொட்டகை நிழலில் உட்கார்ந்தாள். முதலில் கையை நீட்டியவள் லீலா. மூன்று ஊசி சேர்த்துக் கட்டிய முனை தோலைத் தொட்டதுமே அவள் போட்ட கூச்சலில் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டது. பச்சைக்காரி பாட்டு ஒன்றை இழுத்து இழுத்துப் பாடினாள். லீலாவின் அழுகை அதற்கு மேலே போனது. நாலு பெண்கள் சேர்ந்து அவளை அமுக்கிப் பிடித்தார்கள்.

அடுத்து சந்திரம்மாள். அவள் பயந்துகொண்டே வலது கையை நீட்டினாள். பாஞ்சாலி அதைத் தள்ளிவிட்டு இடது கையை எடுத்து, முழங்கைக்குக் கீழே வெளிப்புறத்தைக் காட்டினாள். அங்கே ஒரு தேமல் இருந்தது. வெளிறி, உள்ளங்கை அகலத்துக்கு, சில வருஷமாகவே இருந்தது. பாஞ்சாலி குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசிப் பார்த்து ஓய்ந்திருந்தாள்.

"இங்க போடு. நெருக்கமா, அகலமா. தேர்க்கோலம் மாரி."

"நெருக்கமா போட்டா புள்ள தாங்குமா?" என்றாள் பச்சைக்காரி.

"தாங்குவா. நீ போடு."

சந்திரம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஊசி இறங்கியது. ரத்தம் பொட்டுப் பொட்டாக வந்தது. கடித்த பல்லை எப்போது விடுவது என்று தெரியாமல் அவள் சுற்றிலும் பார்த்தாள். ஊசி தேமலின் ஓரத்தைத் தாண்டி வந்தபோது சுருக்கென்றது; உள்ளே போனதும் மறுபடி ஒன்றுமில்லை. பச்சைக்காரி பாட்டை நிறுத்தினாள்.

"ஏ பொண்ணு, முழிச்சிகினுதான் கீறியா?"

"முழிச்சிகினுதான் கீறேன். நீ பாடு."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அடுத்த தெருவிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த ஆஸ்பத்திரி ஆயா ராஜம்மா மோவாயில் கைவைத்துக்கொண்டாள். "அடி ஆத்தாடி, இன்னா நெஞ்சழுத்தம்! ரத்தத்தைப் பாத்து அசையலையே இவ. எங்க மிஷன் ஆஸ்பத்திரியில நர்சு வேலைக்குப் பொண்ணுங்கள எடுக்கறாங்க. இந்த மாரி ஆளுதான் அங்க வோணும்."

பச்சைக்காரி பாஞ்சாலியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பாஞ்சாலி கன்றைக் கட்டுவதற்கு எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்குச் சந்திரம்மாள் நடந்த நடையே வேறு. பத்தொன்பது வயது வரைக்கும் 'இவளுக்கு இது வரும்' என்று யாரும் எதையும் சொன்னதில்லை. இப்போது ஊரே சொன்னது. வடித்த கஞ்சி இடது கையில் கொட்டிக் கொப்புளம் எழும்பியபோது, "பாரு, எரியவே இல்ல" என்று லீலாவிடம் காட்டிக்கொண்டாள். வலியைத் தாங்குவது ஒரு திறமை என்றும், அது தனக்குப் பிறவியிலேயே வந்தது என்றும் நம்பினாள். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

ரகுபதி வீட்டார் வந்து பார்த்து, பூ வைத்தார்கள். அம்மா உட்காரவைத்த இடத்தில் இருந்துகொண்டு, சந்திரம்மாள் பச்சை தெரியும்படி கைநீட்டித் தட்டைக் கொடுத்தாள். கல்யாணம் வைகாசியில் என்று பேச்சு. அந்தக் கூட்டத்திலேயே சந்திரம்மாள் வாயைத் திறந்தது எல்லோருக்கும் ஆச்சரியம்.

"நான் நர்சு டிரெயினிங் போவணும்."

கன்னியப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவளைப் பார்த்தார். 'போவட்டுமா' என்று அவள் கேட்கவில்லை, 'போவணும்' என்று சொன்னாள். மாப்பிள்ளை வீட்டில் யோசித்தார்கள். சர்க்கார் உத்தியோகம் கிடைத்தால் நல்லதுதானே என்று ரகுபதியே சொன்னான். பாஞ்சாலி மட்டும் குதித்தாள். ஆஸ்பத்திரி வேண்டாம், கண்ட வியாதி, கண்ட ரத்தம், வேண்டவே வேண்டாம்.

"இன்னாமே, அதிசயமா ஒண்ணு கேக்குது பொண்ணு. போயிட்டு வரட்டும்" என்று கன்னியப்பன் முடித்துவிட்டார்.

மிஷன் ஆஸ்பத்திரி காஞ்சிபுரம் சாலையில் இருந்தது. துணை நர்ஸ் பயிற்சிக்கு எட்டாம் வகுப்பு போதும். அப்பாவும் மகளும் பஸ் பிடித்துப் போனார்கள். அப்பா வராந்தாவில் வேர்க்கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஹெட் நர்ஸ் லூர்தம்மாள் பெண்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு எடை, கண், நாடி பார்த்தாள். நாற்பது வயதுக்காரி, பேச்சில் சர்க்கரை கிடையாது. சந்திரம்மாளின் இடது கையைப் பார்த்ததும் அவள் நின்றாள். பச்சை குத்திய இடம் சீழ் கோத்து உப்பியிருந்தது. பக்கத்தில் கஞ்சிக் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது.

"இதோட எப்படி பஸ்சுல வந்தே? வலிக்கல?"

இதற்காகத்தான் சந்திரம்மாள் காத்திருந்தாள். "எனக்கு வலியே தெரியாது சிஸ்டர். ஊருல யார வோணா கேட்டுப் பாருங்க. பச்சை குத்தசொல்லோ எல்லாரும் அழுதாங்க. நான் கண்ணக்கூட சிமிட்டல."

லூர்தம்மாள் அந்தக் கையைத் தன் பக்கம் இழுத்தாள். முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து நரம்பை உருட்டிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. கண்ண மூடு. நான் தொடுற எடத்த மத்த கை விரலால காட்டு. பாக்காத."

இதுவும் ஒரு பரீட்சை என்று சந்திரம்மாள் நினைத்தாள். பஞ்சு நெற்றியைத் தொட்டது, காட்டினாள். வலது தோள், காட்டினாள். கால் கட்டைவிரல், சிரித்துக்கொண்டே குனிந்து காட்டினாள். எல்லாம் சரி. அப்புறம் லூர்தம்மாள் தொடுவதை நிறுத்திவிட்டாள். சந்திரம்மாள் கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள். வெளியே யாரோ வாளியை இழுத்துப் போனார்கள். ஒரு குழந்தை இருமியது.

"இன்னா சிஸ்டர், அவ்ளோதானா?"

"கண்ணத் தெற."

திறந்தாள். இடது கையில், பச்சைக்கு நடுவில், ஒரு குண்டூசி நட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்தது.

சந்திரம்மாள் அதையே பார்த்தாள். அது வேறு யாருடைய கையோ என்று ஒரு கணம் தோன்றியது. ஊசியைத் தானே பிடுங்கினாள். அதன் நுனியாலேயே அந்த இடத்தில் மறுபடி குத்தினாள், பக்கத்தில் குத்தினாள், இன்னும் ஆழமாகக் குத்தினாள். லூர்தம்மாள் அவள் கையைப் பிடித்து ஊசியை வாங்கிக்கொண்டாள்.

"போதும். இது தைரியம் இல்ல பொண்ணு. இது தொழுநோய்."

"நான் வேலைக்கி வந்தேன் சிஸ்டர்."

"தெரியும்."

"நான் வேலைக்கித்தான் வந்தேன்" என்று மறுபடியும் சொன்னாள். வேறு வார்த்தை வாயில் வரவில்லை.

லூர்தம்மாள் நடக்க வேண்டியதைப் பார்த்தாள். புண்ணைக் கழுவிக் கட்டினாள். இது மற்றவர்களுக்குத் தொற்றாத வகை என்றாள். தினம் மாத்திரை, சில வருஷம் விடாமல். விட்டால் விரல் மடங்கிப் போகும், விடாவிட்டால் போகாது. மரத்த இடம் மரத்ததுதான், அடுப்படியில் பார்த்து இருக்க வேண்டும். பயிற்சிக்கு எடுப்பதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். சந்திரம்மாள் காதில் பாதிதான் விழுந்தது. தனக்கும் ஏதோ ஒன்று வருகிறது என்று நம்பி வந்த ஒரே சங்கதி வியாதியாக இருந்தது. அவளால் அதைத்தான் விழுங்க முடியவில்லை.

வராந்தாவில் விஷயத்தைக் கேட்டதும் கன்னியப்பன் மடியிலிருந்த கடலைத்தோல் சிதற எழுந்தார். அவர் வாயிலிருந்து முதலில் வந்தது, "அவ போட்ட சோத்ததான எல்லாரும் துன்னுகினு இருந்தோம்" என்பது. சொன்னபிறகு மகள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். ஆனால் துண்டைச் சுருட்டி நடுவே வைத்தார். சுங்குவார்சத்திரம் தாண்டியபின் அந்தத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் பாஞ்சாலி அழுவாள், மார்பில் அடித்துக்கொள்வாள் என்று சந்திரம்மாள் எதிர்பார்த்தாள். பாஞ்சாலி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தாள்.

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல" என்றார் கன்னியப்பன்.

"ராஜம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. இன்னாமே நீ, நான் இன்னா சொல்லிகினு கீறேன், நீ இன்னா கேக்கற?"

சந்திரம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவின் முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"யம்மா. உனக்கு முன்னாடியே தெரியுமா?"

பாஞ்சாலி உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "உன் பெரியம்மாவுக்கு இப்டித்தான் ஆரம்பிச்சிது" என்றாள்.

"பெரியம்மா காலராவுல பூட்டாங்கன்னு சொன்னே?"

"சொன்னேன். காலராவுல ஒண்ணும் பூடல. புருசன்காரன் வூட்டவுட்டுத் தொரத்தினான். எங்கப்பனும் சேக்கல. நீ பொறந்தப்புறம் நான் குன்றத்தூருக்குக் காவடிக்குப் போயிருந்தேன். மலையடியில தட்டு வச்சிகினு குந்திகினு இருந்தா. வெரலு இல்ல. என்னப் பாத்து 'பாஞ்சாலி'ன்னா. நான் பாக்காத மாரி படியேறிட்டேன். அடுத்த வருசம் போனா ஆளு இல்ல." பாஞ்சாலியின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அதான் சொல்றேன். தேமலு மேல பச்ச போட்டுக் கீது, யாருக்கும் தெரியாது. வைகாசியில கல்யாணம். ஆஸ்பத்திரி வாசல்ல மாத்திரைக்கி நின்னா ஒரே நாளுல ஊரு பூரா தெரிஞ்சி பூடும். நீ அங்க போவாத."

சந்திரம்மாள் வழக்கம்போல் தலையாட்டினாள். அவளுக்குப் பழகியது அதுதான்.

லூர்தம்மாள் கொடுத்த மாத்திரைப் பொட்டலம் முந்தானையில் முடிந்திருந்தது. அதைப் பிரிக்காமலே சில நாள் கிடந்தாள். மலையடியில் உட்கார்ந்திருந்தவள் 'பாஞ்சாலி' என்று கூப்பிட்டது கண்ணை மூடினால் கேட்டது. அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை, ஆனாலும் கேட்டது. ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொள்ள அடுக்களைக்குப் போனாள். அவள் தட்டு மற்ற தட்டுகளோடு இல்லை. தேடினாள். மூலையில், விறகுக்குப் பின்னால், தட்டு, குவளை, கிண்ணம் மூன்றும் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வேறு யாரும் வைத்திருக்க முடியாது. ஊருக்குத் தெரியக்கூடாது என்று கதவைத் தாழிட்டவள்தான் வைத்திருந்தாள்.

சந்திரம்மாள் விறகின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மறைத்தாலும் தட்டு தனிதான். பெற்றவளிடமே தனித்தட்டு என்றால், வாலாஜாபாத்தில் போய் எத்தனை காலம் எதை மறைப்பது? யோசித்துப் பார்த்ததில் மறைப்பதால் அவளுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை, மாத்திரை சாப்பிட முடியாது என்பதைத் தவிர. அந்தத் தட்டிலேயே சோற்றைப் போட்டுத் தின்றாள். குவளைத் தண்ணீரில் முதல் மாத்திரையை விழுங்கினாள்.

மறுநாள் காலை அப்பாவிடம், "நைனா, வாலாஜாபாத்துக்குப் போவலாம் வா" என்றாள்.

ரகுபதி மண்டியில் நெல் மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தான். வருங்கால மனைவி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பதைப் பார்த்து வெட்கப்பட்டு, தானே ஓடிப்போய் மோர் வாங்கி வந்து கொடுத்தான். அவள் குடித்துவிட்டுத் தம்ளரை அவன் கையில் கொடுத்தாள். பிறகு கையைக் காட்டி, ஆஸ்பத்திரியில் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். தொற்றாது என்பதையும் சொன்னாள்.

ரகுபதி கத்தவில்லை, திட்டவில்லை. கையிலிருந்த தம்ளரைப் பார்த்தான். கீழே வைக்கவும் தெரியாமல், பிடித்துக்கொண்டிருக்கவும் முடியாமல், விரல்நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

"இத நீ சொல்லாமலே இருந்திருக்கலாமே" என்றான் கடைசியில். "எனக்கும் தெரியாம இருந்திருக்கும். நான்பாட்டுக்கு நிம்மதியா இருந்திருப்பேன்."

சந்திரம்மாள் அவனை வெறித்துப் பார்த்தாள். அவன் நல்லவன்தான். அதனால்தான் அந்தப் பேச்சு அப்படி அடித்தது. எல்லோருக்கும் வேண்டியது அவள் சுகமாக இருப்பது இல்லை, தங்களுக்குத் தெரியாமல் இருப்பது.

"தம்ளர இப்டிக் குடு" என்று வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். "நைனா, நீ பிள்ளைப்பாக்கத்துக்குப் போ. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"இன்னைக்கேவா? டாக்டரு ஒண்ணும் சொல்லலையே இன்னும்."

"நான் போய்க் கேக்கறேன்."

டாக்டர் யோசித்தார். பிரசவ வார்டில் விட்டால் ஜனங்கள் ஓடிப்போவார்கள், வியாதிக்கு முன்னால் பயம் தொற்றும் என்றார். குறுக்கே பேசியவள் லூர்தம்மாள்தான். அப்போது வீடுவீடாகத் தொழுநோய் சர்வே நடந்துகொண்டிருந்தது. போகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். எந்த வீட்டிலும் பொம்பளைகள் முதுகைக் காட்டுவதில்லை. பார்த்ததாக எழுதிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். "ஒரு பொம்பள வேணும் டாக்டர். இவளுக்குக் குண்டூசி எதுக்குன்னு சொல்லித்தர வேண்டியதில்ல" என்றாள்.

அந்த வேலையைத்தான் சந்திரம்மாள் எடுத்துக்கொண்டாள். சைக்கிள் பழகி விழுந்து எழுந்தாள். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஊசிக்காரம்மா என்றால் தெரியாத வீடு இல்லை என்று பின்னால் ஆனது. சில வீடுகளில் நாயை அவிழ்த்துவிட்டார்கள், சில வீடுகளில் சாணித் தண்ணீர் விழுந்தது. அவள் சளைக்கவில்லை. முப்பது தாண்டியபிறகு கண் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தாண்டவராயனைக் கட்டிக்கொண்டாள்; அவனிடம் எல்லாம் முதல் நாளே சொல்லியாயிற்று. விரல்கள் மடங்கவில்லை. எண்பதுகளில் புது மாத்திரைகள் வந்து வைத்தியம் சீக்கிரமாக முடியத் தொடங்கியபோது, "நாங்க வருசக்கணக்கா முழுங்கினோம்டி" என்று சின்னப் பெண்களிடம் சண்டைக்குப் போவாள்.

ஆனால் முதல் சுற்றிலேயே அவளைப் பிள்ளைப்பாக்கத்துக்குத்தான் அனுப்பினார்கள். எல்லாக் கதவையும் தட்டினாள். லீலா சட்டென்று கையை நீட்டினாள். ராஜம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே முதுகைக் காட்டினாள். ஊரிலேயே திறக்காத கதவு ஒன்றுதான், அது அவள் வீட்டுக் கதவு. அப்பா வயலுக்குப் போயிருந்தார். உள்ளே அம்மா நடமாடுவது கேட்டது. சந்திரம்மாள் கூப்பிட்டாள், நின்றாள், போய்விட்டாள்.

அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கடுத்த முறை தாழ்ப்பாள் விலகியது.

"தெருவுல நின்னுகினு கூவாத. உள்ள வா" என்றாள் பாஞ்சாலி. கதவைச் சாத்திவிட்டு, மகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "பாரு. எனக்குந்தான் இருக்கும். எங்க அக்காவுக்கு இருந்திச்சி, உனக்கு வந்துச்சி. நடுவுல நான் இல்லாம எப்டி வரும்? நான்தான் குடுத்திருப்பேன். எத்தினி வருசமா இந்த நெனப்போட கீறேன் தெரியுமா?"

சந்திரம்மாள் சன்னலைத் திறந்து வெளிச்சத்தை விட்டாள். தலைமுடி ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். காது, கழுத்து, முதுகு, தோள், கை. முழங்கை நரம்பு. கால், குதிகால், விரலிடுக்கு. பஞ்சு, அப்புறம் ஊசி. ஒவ்வொரு குத்துக்கும் பாஞ்சாலி, "யம்மா, மெதுவாடி, வலிக்குது" என்று துள்ளினாள். சந்திரம்மாள் எதையும் விடாமல் இரண்டாம் முறையும் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல."

"நல்லா பாத்தியா?"

"ரெண்டு தபா பாத்தேன். உனக்கு இல்ல. இது ரத்தத்துல வர்றதும் இல்ல."

பாஞ்சாலி ரவிக்கையை இழுத்துவிட்டுக்கொள்ளக்கூட மறந்து, திரும்பி மகளைப் பார்த்தாள். அவள் கதவைத் தாழிட்ட அன்று இல்லாத அதிர்ச்சி இன்று அந்த முகத்தில் இருந்தது.

"அப்போ யாருகிட்டேர்ந்துடி வந்துச்சி உனக்கு?"

"தெரியாது. தெரிஞ்சும் ஒண்ணும் ஆவப்போறதில்ல" என்று சொல்லி, சந்திரம்மாள் ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்துப் பையில் வைத்தாள். சாயங்காலத்துக்குள் கீழத்தெருவை முடிக்க வேண்டியிருந்தது.